கல்லும் உப்பரிகையும் மலையும்: ஜெபம், நம்பிக்கை, சோதனை பற்றி ஓர் எளிய அறிமுகம்

சபைக்குப் புதிதாக வருகிறவர்களும், ஏன், ஓய்வுநாள் பள்ளியிலேயே வளர்ந்தவர்களும்கூட அடிக்கடி கேட்கும் கேள்விகள் மூன்று. எப்படி ஜெபிப்பது? கர்த்தரை நம்புவது என்றால் நடைமுறையில் என்ன செய்வது? தப்பு என்று தெரிந்தும் மனசு அந்தப் பக்கமே போகிறதே, அதற்கு என்ன வழி?

பெரும்பாலும் இவற்றுக்குத் தனித்தனியாகத்தான் பதில் சொல்கிறோம். உபவாச ஜெபத்தில் ஜெபத்தைப் பற்றி ஒரு செய்தி, ஞாயிறு ஆராதனையில் விசுவாசத்தைப் பற்றி ஒரு செய்தி, வாலிபர் கூட்டத்தில் சோதனையைப் பற்றி ஒரு செய்தி. வேதத்தில் இவை இப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. மூன்றும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கிற இடம் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தின் முதல் 11 வசனங்கள். இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதி. லூக்கா 4-லும் இது இருக்கிறது. கடைசி இரண்டு சோதனைகளின் வரிசை மட்டும் அங்கே மாறியிருக்கும். மத்தேயுவின் வரிசையிலேயே போவோம்.

முதலில், அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பார்க்க வேண்டும். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியதும் வானத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." அதிகாரம் முடிகிறது. அடுத்த காட்சி வனாந்தரம், 40 நாள் உபவாசம், பசி. சோதனைக்காரனாகிய பிசாசு வந்து பேசும் முதல் வார்த்தை என்ன? "நீர் தேவனுடைய குமாரனேயானால்..."

பிதா கடைசியாகச் சொன்னது எதுவோ அதன்மேல்தான் முதல் குறி. ஆதியாகமம் 3-இல் சர்ப்பம் செய்ததும் இதுதான். பழத்தின் ருசியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேவன் அப்படிச் சொன்னது உண்டோ என்று ஆரம்பித்து, சாகவே சாவதில்லை என்று மறுத்து, நல்லது ஒன்றைத் தேவன் உங்களுக்குத் தராமல் வைத்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தை விதைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மீதியை ஏவாளின் கண்கள் பார்த்துக்கொண்டன.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வேதம் காட்டுகிற சோதனை எல்லாவற்றுக்கும் அடியில் "இந்தப் பிதாவை நம்பலாமா?" என்ற கேள்வி இருக்கிறது. ஜெபம் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிப் பழகும் இடம்.

கல்: பசி பாவமா?

கல்லை அப்பமாக்கச் சொன்னதில் அப்படி என்ன தப்பு? பசித்தவர் சாப்பிடுவது பாவமில்லை. பிற்பாடு இதே இயேசு 5 அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டார்.

பதில் அவர் எடுத்துச் சொன்ன வசனத்தில் இருக்கிறது: "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்." இது உபாகமம் 8:3. இஸ்ரவேலர் 40 வருஷம் வனாந்தரத்தில் நடந்த பிறகு மோசே அவர்களுக்கு நினைவூட்டுகிற இடம். பசியையும் அனுமதித்து, வானத்திலிருந்து விழுந்த ஆகாரமாகிய மன்னாவையும் தந்து, தேவன் அவர்களுக்கு எதையோ கற்றுக்கொடுத்தார் என்கிறான் மோசே. அது என்ன என்று அறிய யாத்திராகமம் 16-க்குப் போக வேண்டும். மன்னா தினமும் விழும். அன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். நாளைக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்களுடைய மன்னா பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்கு எடுக்கலாம், அது கெடாது. ஏனென்றால் மறுநாள் ஓய்வுநாள். அதாவது, கெடுவதும் கெடாமல் இருப்பதும் மன்னாவின் கையில் இல்லை. கொடுத்தவருடைய சொல்லில் இருந்தது.

ஆகவே முதல் சோதனை பசியைப் பற்றியது என்றாலும், அதன் கொக்கி வேறு இடத்தில் இருக்கிறது. "பிதா பார்த்துக்கொள்வார் என்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய்? உன் கையில்தான் வழி இருக்கிறதே, முடித்துக்கொள்." நம் வாழ்க்கையில் இது மாதக் கடைசியில் வரும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், கையில் இல்லை. அலுவலகத்தில் ஒரு பயணச் செலவு பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் யாருக்கும் தெரியாது. தேவை நியாயமானது, பிள்ளைக்காகத்தான். நியாயமான தேவைதான் குறுக்கு வழிக்கு நல்ல சாக்கு.

பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொல்கிறோமே, மன்னாவை நினைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள். "இன்று" என்ற சொல்லுக்கு எடை கூடும். அப்படியானால் சேமிக்கவே கூடாதா என்று யாராவது கேட்பார்கள். அப்படி இல்லை. எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் 6 சொல்கிறது. யோசேப்பு 7 வருஷம் எகிப்தில் தானியம் சேர்த்து வைத்தான். சீட்டு போடுவதும் வைப்பு நிதியில் போடுவதும் அவிசுவாசம் ஆகாது. சேமிப்புப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது என்ற நிலை வரும்போது யோசிக்க வேண்டும்.

உப்பரிகை: வசனத்தையே வைத்து வரும் சோதனை

மூன்றில் இதுதான் நம் சபைகளுக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் சோதனையில் இயேசு வசனம் சொன்னார். சரி, நீர் வசனத்தை நம்புகிறவர்தானே என்று இப்போது பிசாசும் வசனம் சொல்கிறான். அதுவும் எந்த வசனம்? 91-ஆம் சங்கீதம்! "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" என்று தொடங்குகிற, நம் வீடுகளில் குழந்தைகள்கூட மனப்பாடமாகச் சொல்லுகிற, காரின் பின் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற சங்கீதம். தேவாலயத்து உப்பரிகையின்மேல், அதாவது அதன் உச்சியில், நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான்.

மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சங்கீதத்தில் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று இருக்கிறது. மத்தேயுவில் பிசாசு சொல்லும்போது அந்த "வழிகளிலெல்லாம்" காணாமல் போகிறது. ஒருவன் நடக்க வேண்டிய வழியில் நடக்கும்போது காக்கப்படுவான் என்பது வாக்கு. உயரத்திலிருந்து வேண்டுமென்றே குதிப்பது யாருடைய வழியும் அல்ல. இன்னொன்று, மேற்கோள் 12-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. 13-ஆம் வசனம் வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவாய் என்று சொல்கிறது. அதை அவன் ஏன் சொல்லப்போகிறான்!

இயேசுவின் பதில்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." உபாகமம் 6:16. அந்த வசனத்தின் மறுபாதி "நீங்கள் மாசாவிலே செய்ததுபோல" என்று ஓர் ஊர்ப்பெயரைச் சொல்கிறது. மாசாவில் நடந்தது யாத்திராகமம் 17-இல் இருக்கிறது. தண்ணீர் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டதில் குற்றம் இல்லை. "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டார்களே, அதுதான் விஷயம். செங்கடலைக் கடந்து வந்து, மன்னாவைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். இப்போதே நிரூபி, இல்லாவிட்டால் நீ இல்லை என்று கர்த்தரைக் கூண்டில் ஏற்றுவதற்குப் பெயர்தான் பரீட்சை பார்ப்பது.

வெளியிலிருந்து பார்த்தால் குதிப்பது பெரிய விசுவாசம் மாதிரி தெரியும். உண்மையில் அது நம்பாதவன் செய்கிற காரியம். அப்பா பிடிப்பார் என்று நம்புகிற பிள்ளை, பிடிக்கிறாரா பார்ப்போம் என்று மாடியிலிருந்து குதிக்காது.

நடைமுறைக்கு வருவோம். சர்க்கரை நோய்க்கும் வலிப்புக்கும் மன அழுத்தத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரையை, விசுவாசத்தைக் காட்டுவதற்காக நிறுத்திவிடச் சொல்கிறவர்கள் உண்டு. இது உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்வதுதான், நான் இதில் தயங்கிப் பேச மாட்டேன். பவுல் கொலோசெயர் 4:14-இல் லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனபோது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று 1 தீமோத்தேயு 5:23-இல் எழுதினார். ஜெபிக்கிற பவுல்தான் இதையும் எழுதினார். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று தள்ளிவிடுகிற காரியங்கள் அல்ல.

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையையும் இங்கே சொல்ல வேண்டும். அட்டை எடுப்பது தப்பு என்று சொல்லவில்லை. வருஷம் முழுக்க ஒரு வசனத்தை நினைத்துக்கொண்டிருப்பது நல்லதுதான். ஆனால் "இந்த வருஷம் உன்னைக் கீழாக்காமல் மேலாக்குவேன் என்று வந்தது, அதனால் பதவி உயர்வு நிச்சயம்" என்று கணக்குப் போட்டு, வராதபோது கர்த்தர் கைவிட்டார் என்று டிசம்பரில் உடைந்துபோகிறவர்களைப் பார்க்கிறோம். அந்த வசனம் உபாகமம் 28-இல் யாருக்கு, எந்த உடன்படிக்கையில், என்ன நிபந்தனையோடு சொல்லப்பட்டது என்று ஒரு தடவை அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தால் பாதிக் குழப்பம் தீரும். துண்டு வசனத்துக்கு இயேசு சொன்ன மறுமொழி "என்றும் எழுதியிருக்கிறதே." ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தின் பக்கத்தில் வைத்துத்தான் அவர் வாசித்தார்.

அப்போது கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுக் கர்த்தரிடம் அடையாளம் கேட்டானே? கேட்டான். ஆனால் நியாயாதிபதிகள் 6-இல் அவன் பயந்து பயந்து, உமது கோபம் என்மேல் மூள வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டுதான் கேட்கிறான். கர்த்தர் அவன் பலவீனத்துக்கு இரங்கினார். அதை எல்லோருக்கும் வழிமுறையாக வேதம் எங்கேயும் வைக்கவில்லை.

மலை

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் இது முகமூடி இல்லாமல் வருகிறது. உலகத்தின் ராஜ்யங்கள் எல்லாம் உனக்கு, ஒரே ஒரு தடவை என்னைப் பணிந்துகொள். சிலுவை இல்லாத சிங்காசனம். இயேசு வாதாடவே இல்லை, "அப்பாலே போ சாத்தானே" என்று துரத்திவிட்டு உபாகமம் 6:13-ஐச் சொன்னார். சில சோதனைகளோடு உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தக் கூடாது.

ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அப்பத்தை மறுத்தவர் பிறகு ஆயிரக்கணக்கானோருக்கு அப்பம் கொடுத்தார். தூதர்களை வரவழைக்க மறுத்தவரிடம், 11-ஆம் வசனத்திலேயே தூதர்கள் வந்து பணிவிடை செய்தார்கள். மலைமேல் ராஜ்யங்களை மறுத்தவர், மத்தேயு 28-இல் கலிலேயாவில் இன்னொரு மலைமேல் நின்று, வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறார். பிசாசு காட்டிய எதுவும் அவருக்குக் கிடைக்காமல் போகவில்லை. பிதாவின் கையிலிருந்து, பிதாவின் நேரத்தில், சிலுவை வழியாக வந்தது.

இதை வைத்துக்கொண்டு, பொறுத்திருந்தால் நமக்கும் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க வேண்டும் என்று 3 தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது.

ஜெபம் எங்கே வருகிறது?

சோதனை வந்து நிற்கும்போது ஜெபிப்பதைத்தான் நாம் நினைக்கிறோம். இயேசு சீஷர்களுக்குச் சொன்னது அதற்கு முந்தின நேரத்தைப் பற்றி. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே என்ற இடத்தில், "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள், ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்றார். பேதுரு தூங்கினான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான், உம்மோடு மரிக்க வேண்டியதாயிருந்தாலும் மறுதலிக்கமாட்டேன் என்று சொன்னவன். அந்தச் சொல் பொய் இல்லை, ஆவி உற்சாகமாகத்தான் இருந்தது. விடிவதற்குள் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன்னால் அது நிற்கவில்லை. இயேசுவோ அதே இரவில் துக்கத்தோடு முகங்குப்புற விழுந்து ஜெபித்தார், பிறகு எழுந்து தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே நடந்து போனார்.

அவர் என்ன ஜெபித்தார் என்பதையும் கவனியுங்கள். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று விருப்பத்தை அப்படியே கேட்டார். பிறகு, "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வது பக்தியாகத் தெரியலாம். இயேசு அப்படி ஜெபிக்கவில்லை. எனக்கு இது வேண்டாம் என்று பிதாவிடம் சொல்வதும் நம்பிக்கையில் சேர்ந்ததுதான். சங்கீதங்களில் கணிசமான பகுதி புலம்பல். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல். ஸ்தோத்திரம் மட்டும்தான் ஜெபம் என்று பழகியவர்கள் அதை ஒருதரம் வாசிக்க வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்காதிருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இயேசு பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அந்த நாளில் எங்கே சறுக்க வாய்ப்பிருக்கிறது என்று யோசித்து, அந்த இடத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஆண்டவரே, இன்று 3 மணிக்கு அந்த மேலாளரோடு கூட்டம் இருக்கிறது, எனக்குக் கோபம் வரும், என்னைக் காத்துக்கொள்ளும்." போதும். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்பதை நம் நாட்காட்டியில் எழுதுவது இப்படித்தான்.

ஒரு பக்கக் குறிப்பு. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடக்கும் புறணி நம்மிடையே நிறைய. "அந்தக் குடும்பத்துக்காக ரொம்ப ஜெபிக்கணும், விஷயம் தெரியுமா?" என்று தொடங்கினால் அங்கேயே ஒரு சோதனை ஆரம்பித்துவிட்டது.

இச்சையும் தப்பும் வழியும்

சோதனைக்குக் காரணம் எப்போதும் பிசாசுதான் என்று சொல்லித் தப்பிக்க, புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதின யாக்கோபு விடுவதில்லை. "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்கிறார். தேவன் ஒருவனையும் பொல்லாங்கினால் சோதிக்கிறவர் அல்ல என்பதும் அதே இடத்தில், யாக்கோபு 1:13-இல். பிறகு ஏன் ஆதியாகமம் 22-இல் தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று எழுதியிருக்கிறது? நோக்கத்தைப் பாருங்கள். விழத்தள்ள வருவது ஒன்று, இருக்கிற விசுவாசத்தை வெளியே கொண்டுவர வருவது இன்னொன்று. ஒரே சூழ்நிலையில் இரண்டும் நடக்கலாம். எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபு அதற்குச் சாட்சி.

இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கும் என்றும் யாக்கோபு சொல்கிறார். அதாவது, மனசில் ஓர் எண்ணம் வந்ததே பாவம் ஆகிவிடாது. இது தெரியாமல் குற்றவுணர்விலேயே வாடுகிற பிள்ளைகள் பலர். இயேசுவே எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்கிறது எபிரெயர் 4:15. சோதிக்கப்படுவது வேறு, சம்மதிப்பது வேறு. நடுவில் கொஞ்சம் இடைவெளி உண்டு, அந்த இடைவெளியில்தான் ஏதாவது செய்ய முடியும்.

என்ன செய்வது? 1 கொரிந்தியர் 10:13 பலருக்கும் மனப்பாடம். நம் திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார், தப்பிக்கொள்ளும் போக்கையும் உண்டாக்குவார். அடுத்த வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை: விக்கிரகாராதனைக்கு "விலகியோடுங்கள்". பல நேரம் அந்தப் போக்கு என்பது கால்கள்தான். ஆதியாகமம் 39-இல் போத்திபாரின் மனைவி பிடித்தபோது யோசேப்பு அங்கே நின்று ஜெபக்கூட்டம் நடத்தவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான். ராத்திரி போன் பார்த்து விழுகிறவர் போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கலாம். குடியோடு போராடுகிறவர் சம்பள நாளில் அந்தத் தெரு வழியாக வராமல் இருக்கலாம். இதெல்லாம் ஆவிக்குரிய விஷயமா என்று கேட்டால், ஆம். ஓடின யோசேப்புக்கு உடனே கிடைத்தது சிறைதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த 10:13-ஐ, துக்கத்தில் இருக்கிறவர்களிடம் "தாங்க முடியாத கஷ்டத்தைக் கர்த்தர் கொடுக்க மாட்டார்" என்று சொல்லப் பயன்படுத்துகிறோம். வசனம் பேசுவது பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி. கஷ்டத்தைப் பற்றிப் பவுல் சொன்னதே வேறு. 2 கொரிந்தியர் 1:8-இல், ஆசியாவில் "எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" உண்டாயிற்று, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். சாவு வீட்டில் இதைச் சொல்லலாம். 10:13-ஐச் சொல்ல வேண்டாம்.

விழுந்துவிட்டால்

லூக்கா 22-இல் இயேசு பேதுருவிடம், சாத்தான் உங்களைச் சுளகினால் புடைக்க உத்தரவு கேட்டான் என்று சொல்லிவிட்டு, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். நீ விழாமலிருக்க வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. விழப்போவது அவருக்குத் தெரியும். "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று அடுத்த வேலையையும் அப்போதே கொடுத்துவிட்டார். பேதுரு மறுதலித்தது அன்றிரவு. வேலை ரத்தாகவில்லை.

விழுந்த பிறகு வரும் சோதனை முந்தினதைவிடக் கெட்டது: இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது என்ற எண்ணம். அதுவும் பிதாவைப் பற்றிய அதே பழைய கேள்விதான். 1 யோவான் 1:9-ஐ எடுத்து வைத்துக்கொண்டு, நடந்ததை அதன் பெயரிலேயே சொல்லி அறிக்கையிடுங்கள். ஒரே பாவம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணச் சொல்கிறது. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஒரு விசுவாசியைத் தேடுங்கள், அது பாஸ்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அடிமைத்தனமாகவே மாறிவிட்ட பழக்கம் என்றால் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்ப்பதும் அந்தப் "போக்கில்" அடங்கும்.

எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: முதலில் மத்தேயு 3:13 முதல் 4:11 வரை ஒரே மூச்சில். அப்புறம் உபாகமம் 6, 7, 8 மூன்று அதிகாரங்கள். இயேசு சொன்ன மூன்று பதில்களும் 6-லும் 8-லும்தான் இருக்கின்றன. பிறகு யாத்திராகமம் 16, 17. கடைசியாக மத்தேயு 26-இல் கெத்செமனே பகுதி. ஒரு வாரத்துக்கு இது தாராளம்.